பனிமலையும் பல நகரும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் யாம் மேற்கொண்ட ஐரோப்பியப் பிரயாணத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று நம் காரியதரிசியவர்கள் பணித்தார்கள். எழுத்தும் சொல்லும் பொருளும் நடத்தியே இருபது ஆண்டுகளைக் கழித்த எமக்கு யாத்திரைச் செய்தி கூறும் பழக்கம் இல்லை. பன்னிரண்டு நாளில் ஒரு கண்டத்தைக் கண்டோம் என்று கூறுவது குருடர் யானை கண்ட கதையாகவே முடியும். யானையின் காலையோ வாலையோ கையால் தொட்டது மட்டும் உண்மை. தொட்டதைத் தொட்டபடி கூறுகின்றோம்.

தொடங்குமுன் ஒன்று சொல்லவேண்டும். சென்ற கூட்டம் கலைந்தபொழுது, நம் உறுப்பினருள் முதியவரொருவர் எம்மைத் தனியே அழைத்து, “வாத்தியார் ஐயா, போக வர என்ன செலவாயிற்று?” என்று வினவினார். ஒளியாது கூறினோம்: இருவர்க்கும் சேர்த்து நான்கு இலக்க ரூபாய், அதிற் பாதி சேமநிதியிற் பெற்ற கடன். அவர் சிறிது நேரம் வாளாவிருந்து, “நம் கல்வி நிதியிலே ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு இருபதினாயிரம் கொடுக்கிறோம். அப்படியானால் இருபது பிள்ளைகளின் பணம்” என்றார். கடிந்து கூறினாரல்லர், கணக்கைக் கூறினார். அக்கணக்கு அன்றுதொட்டு எம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அதற்கு நேர்விடை எம்மிடம் இல்லை. அப்பெரியவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவர் கேட்கவே இதனைப் பேசுகின்றோம்.

நிற்க. எம் மனைவியாரின் தம்பி சூரிக் நகரில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினீயராக இருக்கின்றார். ஆறாண்டுகளாக அவர் அழைத்துவர, ஆறாண்டுகளாக யாம் தட்டிக் கழித்துவந்தோம். “நான் இங்கிருக்கும்பொழுதே வாருங்கள் அத்தான்; பிறகு எங்கே மாற்றுவார்களோ” என்று அவர் அவ்வாண்டு வற்புறுத்தியதனால் இசைந்தோம். அனுமதிச் சீட்டுப் பெறுதற்குப் பட்ட பாடு தனிக்காண்டம். சம்பளச் சான்றும், வங்கிக் கணக்கும், பள்ளியின் விடுப்புச் சான்றும், திரும்பி வருவோம் என்பதற்கு உறுதியும் காட்டித் தீர்ந்தது. ஒரு நாட்டார் கொடுத்த அவ்வொரு சீட்டே பிரான்சு முதலிய நாடுகளுக்கும் செல்லும் என்பது அதன் நன்மை. விமானப் பிரயாணத்தைப் பற்றிக் கூறத்தக்கது ஒன்றுமில்லை, உட்கார்ந்தோம், இறங்கினோம்.

சூரிக் அந்நாட்டின் மிகப் பெரிய நகரம். தலைமை நகரம் அன்று. ஏரியினின்றும் புறப்படும் லிம்மாத்து என்னும் ஆறு நகரின் நடுவே கண்ணாடிபோல் ஓடுகின்றது. அதன் இரு கரையிலும் பழைய தேவாலயங்கள் நிற்கின்றன. சுவிங்கிலி என்னும் சமயச் சீர்திருத்தக்காரர் 1519ஆம் ஆண்டு முதல் போதித்த ஆலயம் ஒன்று. ஷகால் என்னும் ஓவியர் 1970இல் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் அமைத்துத்தந்த ஆலயம் மற்றொன்று. புனித பீட்டர் ஆலயக் கோபுரத்துக் கடிகாரத்தின் முகம் 8.7 மீட்டர் குறுக்களவினது. ஐரோப்பாவின் ஆலயக் கடிகாரங்களுள் இதுவே பெரிதென்பர். எம் மனைவியாரை வியப்பித்தவை இவையல்ல. அந்நகரில் 1,200க்கு மேற்பட்ட நீரூற்றுத் தொட்டிகள் தெருத்தோறும் உள்ளன. அவற்றின் நீரை யாரும் அப்படியே பருகலாம். “காய்ச்ச வேண்டாமா?” என்று அம்மையார் மும்முறை கேட்டும் மனம் ஒப்பாது, முதல் நாள் முழுதும் தம்பி வீட்டிற் காய்ச்சிய நீரையே சுமந்துவந்தார். இரண்டாம் நாள் தாகம் மிகுந்து ஒரு தொட்டியிற் குடித்தவர், அதன் பிறகு புட்டியைத் தொடவில்லை.

வந்திறங்கிய நாளன்று மைத்துனர் வீட்டு மேசைமேல் ஒரு செய்தித்தாள் கிடந்தது. அதில் ஒரு மலைச் சிற்றூரின் படம்: மரவீடுகள், ஒரு வெண்ணிற ஆலயம், மேலே கரிய பாறை. அவ்வூரார் ஏறத்தாழ 300 பேரையும் முந்தின நாள், அஃதாவது மே 19ஆம் தேதி, வெளியேறச் செய்துள்ளனர் என்றும், மேலேயுள்ள பாறை சரிந்துகொண்டிருக்கின்றது என்றும் மைத்துனர் கூறினார். ஊரின் பெயர் பிளாட்டன். யாம் அதனைக் கேட்டும் கேளாதார் போன்று காப்பியில் கருத்தாயிருந்தோம். இச்செய்தியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

தமிழாசிரியனுக்கு எந்நாடு சென்றாலும் மொழியின்மேலேயே கண் செல்லும். அந்நாட்டிற்கு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரோமான்ஷ் என நான்கு மொழிகள். நான்கும் ரூபாய் நோட்டில் அச்சிடப்பெற்றுள்ளன. (நோட்டு என்றால் அவர்கள் நாட்டுப் பிராங்கு, பழக்கத்தால் ரூபாய் என்றோம்.) ரோமான்ஷ் பேசுவோர் சில பதினாயிரவரே. எனினும் 1938ஆம் ஆண்டு நாட்டு வாக்காளர் வாக்களித்து அதனைத் தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்றனர். சிறிய மொழியாயினும் அதற்குள்ளேயே ஐந்து எழுத்து வழக்குகள் இருந்தனவாம். 1982இல் ஹைன்ரிக் ஷ்மித் என்னும் புலவர் யாவர்க்கும் பொதுவாக ஓர் எழுத்து நடையை வகுத்தார். வகுத்ததை எல்லாரும் மனமுவந்து ஏற்றனரோ எனின், இல்லை. பள்ளிகளில் இதுபற்றி நெடிய பிணக்கு நிகழ்ந்தது. புலவர் வகுத்ததை ஊரார் ஏற்பது எங்கும் அரிதுபோலும்.

இன்னொன்று எமக்கு மிக்க உவகை தந்தது. சூரிக்கில் மக்கள் பேசும் ஜெர்மன் வேறு. எழுதும் ஜெர்மன் வேறு. வீட்டிலும் கடையிலும் பேசுவது சுவிசு ஜெர்மன். நூலிலும் செய்தித்தாளிலும் வருவது பொது ஜெர்மன். மைத்துனரின் எட்டு வயது மகள் எமக்கு ஆசிரியை ஆனாள். “மாமா, இது பேசுறது, பள்ளிக்கூடத்துலே எழுதுறப்போ இப்படிச் சொன்னா டீச்சர் சிவப்பு மையாலே வட்டம் போடுவாங்க” என்றாள். சிவப்பு மையால் வட்டம் போட்டே காலங் கழித்த எமக்கு, அவ்வூர் ஆசிரியர் யாரோ உடன்பிறந்தார் போன்று தோன்றினார். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பேச்சு வழக்கைத் தாழ்வென்று கருதுவாரில்லை. வங்கி அதிகாரியும் பேராசிரியரும் தம் ஊர்ப்பேச்சையே நாணமின்றிப் பேசுகின்றனர். நாமோ மேடையேறியவுடன் நாவை மாற்றிக்கொள்கின்றோம். இப்பொழுது யாம் பேசும் பேச்சே அதற்குச் சான்று.

சூரிக்கினின்றும் லூசெர்ன் நகருக்கு மின்சார வண்டியில் ஒரு மணி நேரத்திற்குட் சென்றோம். அங்கே ஆற்றின் குறுக்கே பதினான்காம் நூற்றாண்டில் மரத்தாற் கட்டப்பெற்ற, கூரையிட்ட பாலமொன்று உளது. கூரையின்கீழ் முக்கோணப் பலகைகளில் பதினேழாம் நூற்றாண்டு ஓவியங்கள் உள்ளன. 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஓரிரவில் அப்பாலம் பெரும்பகுதி தீக்கிரையாகி, ஓவியங்களிற் பல அழிந்தன. அடுத்த ஏப்பிரலுக்குள் பாலத்தை மீண்டும் அமைத்துவிட்டனர். கரிந்த பலகைகளிற் சிலவற்றை இன்னும் காணலாம்.

அவ்வூரிற் கண்டவற்றுள் எம்மை நிறுத்தி வைத்தது சிங்கச் சிலையே. ஒரு பாறையின் முகத்தைக் குடைந்து, பத்து மீட்டர் நீளத்தில், ஈட்டி பாய்ந்து இறக்கின்ற சிங்கமொன்றைச் செதுக்கியுள்ளனர். தோர்வால்ட்சன் என்னும் டேனிய நாட்டுச் சிற்பி வரைந்தது, 1821இல் திறக்கப்பெற்றது. முன்னே ஒரு குளம், மேலே மரநிழல். அச்சிங்கம் யார்க்காக இறக்கின்றது? பிரெஞ்சு மன்னர்க்குக் கூலிப்படையாயிருந்த சுவிசு வீரர்க்காக. 1792ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் பாரிசு நகரத்துத் துய்லரி அரண்மனையைப் புரட்சிக்காரர் தாக்கியபொழுது அவ்வீரர் மாண்டனர். சுவிட்சர்லாந்து இன்று செல்வ நாடு. அந்நாளிலோ மலைநிலம் சோறு போடாமையால் ஊரூராக இளைஞரை அயல்நாட்டு மன்னர்க்குப் படைக்கு விற்று வாழ்ந்த நாடு. விற்று என்னும் சொல் மிகையன்று. படைத்தலைவரும் ஊராட்சியாரும் ஒப்பந்தம் எழுதிப் பணம் பெற்றனர். 1848இல் அரசியலமைப்பின்வழி புதிய ஒப்பந்தங்கள் தடுக்கப்பெற்று, 1859இல் அயற்படைச் சேவையே விலக்கப்பெற்றது. உரோமையில் போப்பாண்டவரின் காவற்படை மட்டும் எஞ்சியது.

அப்பாறையிற் பொறித்த எழுத்துக்களை மைத்துனர் படித்துக் காட்டினார். இறந்த அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக உள்ளன. சிப்பாய்களுக்குப் பெயர் இல்லை, எண்தான் உண்டு. இறந்தவர் 760, பிழைத்தவர் 350 என உரோம எண்களில் வெட்டியிருக்கின்றனர். நம்மூரிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று, கட்டடத்தின் மேலிருந்து விழுந்தோ வெப்பத்தால் வாடியோ பெட்டியில் திரும்பிய இளைஞர் இருவரை இச்சங்கம் அறியும். அவர்களை நினையாது அவ்விடத்தை விட்டு நகர எம்மால் இயலவில்லை. எம் மனைவியார் குளக்கரையில் உட்கார்ந்து, “எழுநூற்றறுபது தாய்மார்” என்று மட்டும் கூறினார்.

இனி மலைக்கு வருவோம். இண்டர்லாக்கன் என்பது இரண்டு ஏரிகளுக்கு இடைப்பட்ட ஊர். பெயரின் பொருளும் அதுவே. அங்கிருந்து லாட்டர்புருன்னன் என்னும் பள்ளத்தாக்கினை அடைந்தோம். இருமருங்கும் செங்குத்தான பாறைச்சுவர். அச்சுவரின் உச்சியினின்றும் அருவிகள் வீழ்கின்றன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 300 மீட்டர் உயரமுடையது. அஃது நிலத்தை அடையுமுன்னரே காற்றில் அலைந்து பொடியாகிவிடுகின்றது. ஆகவே அதற்கு அவர்கள் மொழியில் ‘தூசியோடை’ எனப் பொருள்படப் பெயரிட்டுள்ளனர். பெயர் வைத்தவன் கண்ணுள்ளவன். நாம் அருவி என்னும் அழகிய சொல்லை வைத்துக்கொண்டு, நீர்வீழ்ச்சி என்று மொழிபெயர்த்து மகிழ்கின்றோம்!

மே 25ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, யுங்பிராவ்யோக் என்னும் கணவாய்க்குப் புறப்பட்டோம். அங்கே மூன்று சிகரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: ஐகர் 3,967 மீட்டர், துறவி எனப் பொருள்படும் மொன்ச் 4,110 மீட்டர், கன்னி எனப் பொருள்படும் யுங்பிராவ் 4,158 மீட்டர். துறவிக்கும் கன்னிக்கும் இடைப்பட்ட பனித்தோளிலே, 3,454 மீட்டர் உயரத்தில், புகைவண்டி நிலையம் அமைந்துள்ளது. ஐரோப்பாவில் இதனினும் உயர்ந்த வண்டி நிலையம் இல்லை. (புகைவண்டி என்றோம், புகையே இல்லை. முதலிலிருந்தே மின்சாரம்.)

அப்பாதையின் வரலாறு கேட்கத்தக்கது. குயர்-செல்லர் என்னும் சூரிக் வணிகர் 1893இல் மலையில் உலாவச் சென்றபொழுது இவ்வெண்ணம் கொண்டார். 1896இல் வேலை தொடங்கிற்று; ஏழாண்டில் முடியும் என்றிருந்தனர்; பதினாறு ஆண்டு ஆயிற்று. 1912 ஆகஸ்டு முதல் தேதியில்தான் வண்டி உச்சியை அடைந்தது. தொடங்கியவர் 1899லேயே காலமாயினார்; அவர் கண்டது பாதியினும் குறைவு. ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அப்பாதையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஐகர், மொன்ச் மலைகளின் வயிற்றைக் குடைந்த சுரங்கம். குடைந்தவர்களிற் பெரும்பாலோர் இத்தாலியினின்றும் வந்த ஏழைத் தொழிலாளர். 1899இல் ஒரு வெடிவிபத்தில் அறுவர் மாண்டனர். அவ்வாண்டே தொழிலாளர் வேலைநிறுத்தமும் செய்தனர். குளிர்காலத்தில் கீழூரோடு தொடர்பற்று, வேண்டிய உணவை முன்னமே சேர்த்து வைத்துக்கொண்டு, பனிக்குள்ளேயே வாழ்ந்து கல்லுடைத்தனர்.

இவ்வண்டி வழுக்காமல் ஏறுவது எவ்வாறெனின், இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல்வெட்டிய இரும்புச் சட்டமொன்று கிடக்கின்றது. வண்டியின் அடியிலுள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகின்றது. இதனை நம்மில் பலர் முன்னரே கண்டுள்ளோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் திறந்த நம் நீலகிரி மலைப்பாதையும் இம்முறையினதே. நம் பாதையிலுள்ள பற்சட்ட முறையை வகுத்த ரோமன் ஆப்ட் என்பவர் சுவிசு நாட்டு எஞ்சினீயர். நம் மலையில் நெடுங்காலம் ஓடிய நீராவி எஞ்சின்களைச் செய்தது, சூரிக்கிற்கு அண்மையிலுள்ள விந்தர்தூர் நகரத்துத் தொழிற்சாலை. பிற்காலத்தில் அவ்வகை எஞ்சின்களை நம் திருச்சிப் பொன்மலைப் பணிமனையாரே கட்டிவிட்டனர். இச்செய்தியை மைத்துனர் கூறக் கேட்டபொழுது, பனிமலை எமக்கு அயலூராகத் தோன்றவில்லை. நம் பாதையின் ஏற்றம் பன்னிரண்டடிக்கு ஓரடி. இங்கு மிகச் செங்குத்தான இடத்தில் நான்கடிக்கு ஓரடி. இறங்கும் வண்டி தன் எடையாலே மின்சாரத்தை உண்டாக்கிக் கம்பிக்குத் திருப்பித் தருகின்றது என்பது மற்றொரு சிறப்பு.

அப்பொழுது சீட்டின் விலை ஒருவர்க்கு இருநூறு பிராங்குக்கு மேல் இருந்தது. ஒரு பிராங்கு அந்நாளில் நூறு ரூபாய்க்குச் சற்று மேல் இருந்தது. பெருக்கிப் பார்க்கவேண்டாம், யாம் பார்த்தோம்.

மேலே சென்று கதவு திறந்ததும் எம் மனைவியாருக்குத் தலை சுழன்றது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். முகம் வெளிறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். எமக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அங்கே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மையார் ஓடிவந்து, “அக்கா, கெதியாய் நடக்காதேங்கோ, இதிலே இருங்கோ. ஒண்டுமில்லை, காத்துக் குறைவு, அவ்வளவுதான்” என்று தமிழிற் கூறியபொழுது, அந்த உயரத்தில் அக்குரலை எவ்வாறு வருணிப்பது! இலங்கையிற் போர் மூண்ட நாளில் சிறுமியாகத் தந்தையோடு வந்தவர் அவர். வெந்நீரில் சருக்கரை கலந்து கொண்டுவந்து கொடுத்தார். அரைமணியில் எம் மனைவியார் தெளிந்தார். பெயரைக் கேட்டோம், சிரித்துவிட்டு வேலைக்குச் சென்றுவிட்டார்.

வெளியே வந்து நின்றோம். தெற்கே அலெட்ச் என்னும் பனியாறு கிடக்கின்றது. ஆல்ப்ஸ் மலைகளிற் பெரியது அதுவே; ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளம். மூன்று பனிப்பெருக்குகள் கூடுமிடத்தில் பனியின் ஆழம் மட்டும் ஏறத்தாழ 800 மீட்டர். பனியாறு என்பதை யாம் இதுவரை உருவகம் என்றே எண்ணியிருந்தோம். அஃது உண்மையாகவே ஆறு: நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு 180 மீட்டரளவு நகர்கின்றது, ஆற்றைப்போலவே வளைகின்றது, கரை ஓரத்து மண்ணை வாரிக் கரிய கோடுகளாகச் சுமந்து செல்கின்றது. யாம் நின்ற தோளின் வடபால் உருகும் நீர் ரைன் ஆற்றின்வழி வடகடலையும், தென்பால் உருகும் நீர் ரோன் ஆற்றின்வழி மத்தியதரைக் கடலையும் அடைகின்றது. ஒரு கைப்பிடிப் பனியை எடுத்து இரு பக்கமும் பாதி பாதியாக எறிந்தோம். நாற்பத்தாறு வயதுள்ள ஆசிரியன் செய்யத்தக்க செயலன்று, செய்தோம்.

நம் மொழியில் புல்லின்மேல் அரும்பும் துளியும் பனி. மார்கழிப் புகையும் பனி. இம்மலையை மூடிய வெண்மையும் பனி. ஒரே சொல். குறையென்று கூறோம், காணாத பொருளுக்கு யார் பெயரிடுவர்? ஆயினும் குறிஞ்சித்திணை நடத்தும்பொழுதெல்லாம் ‘பனி’ என்று யாம் கரும்பலகையில் எழுதியது இதுவன்று என்பதை அங்கே உணர்ந்தோம்.

இப்பனியாறு 1860ஆம் ஆண்டளவில் இருந்ததினும் இப்பொழுது மூன்று கிலோமீட்டருக்கு மேல் குறுகிவிட்டது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் கனத்தில் பத்திலொரு பங்கை இழந்தன. நிலையத்தினுள் பனியையே குடைந்து ஓர் அரண்மனை அமைத்திருக்கின்றனர். அதன் வழியே செல்வோரின் மூச்சு வெப்பத்தால் அஃது உருகாதிருக்கக் குளிர்விக்கும் பொறிகளை வைத்துள்ளனர். பனிமலையின் வயிற்றிலேயே பனி உருகாதிருக்கப் பொறி! அப்பொழுது நகைத்தோம். மூன்று நாள் கழித்து நகை வரவில்லை.

மே 27ஆம் தேதி பெர்ன் நகருக்கு வந்தோம். 1848 முதல் கூட்டாட்சியின் தலைமைத் தானம் அதுவே. ஐன்ஸ்டைன் 1902 முதல் 1909 வரை இந்நகரத்துக் காப்புரிமை அலுவலகத்திலேதான் வேலை செய்தார். குடியிருந்த வீடொன்றைக் காட்டுகின்றனர். மறுநாள் பல்சமய இல்லம் என்னும் இடத்திற்குச் சென்றோம். 2014இல் திறந்த அவ்வொரு கட்டடத்தினுள்ளே கிறித்துவர், முகமதியர், பௌத்தர் முதலியோரின் வழிபாட்டிடங்களோடு நம் தமிழ்ச் சைவரின் திருக்கோயிலும் உளது. தமிழிலேயே வழிபாடு, பெண்களும் பூசை ஆற்றுகின்றனர். அங்கிருந்தோர் எம்மை “எந்த ஊர்?” என்று வினவினர், “சாப்பிட்டியளோ?” என்று வினவினர். மூன்றாவதாக ஒரு கேள்வி வரும் என்று யாம் பழக்கத்தாற் காத்திருந்தோம், வரவில்லை. இச்சங்கத்தின் மேடையில் இதனைக் கூறுவது சிலர்க்கு உவப்பன்றாகலாம். கண்டதைக் கண்டபடி கூறுவதாகத் தொடக்கத்திற் சொன்னோம்.

அன்று மாலை உணவுச்சாலையில் அமர்ந்திருந்தபொழுது, பக்கத்து மேசையிலிருந்தோர் ஒருவர் கைப்பேசியை ஒருவர் வாங்கிப் பார்த்து வாயடைத்து நின்றனர். மைத்துனரும் தம் கைப்பேசியைத் திறந்தார். பிறகு எம்மிடம் நீட்டினார். சூரிக் வீட்டு மேசைமேல் யாம் கண்ட அதே சிற்றூர். ஆனால் ஊர் இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு பெருமேடு பள்ளத்தாக்கின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர்வரை கிடந்தது. மலையினின்றும் பன்னாட்களாகச் சரிந்த பாறைகள் பிர்ஷ் என்னும் பனியாற்றின்மேல் குவிந்து, அச்சுமை தாங்காது அன்று பிற்பகல் பனியாறே உடைந்து வீழ்ந்தது. பிளாட்டன் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு புதைந்தது. லோன்சா ஆறு அடைபட்டு, எஞ்சிய வீடுகளை நீர் மூடிற்று. பலநூறாண்டு இருந்த ஊர் சில நொடிகளில் இல்லையாயிற்று.

யாம் பனியை அள்ளி விளையாடிய இடத்திற்கும் அவ்வூருக்கும் இடையே நேர்கோட்டிற் சில காத தூரமே. உணவு இறங்கவில்லை. ஆயினும் மைத்துனர் கூறியதை உங்கட்குச் சொல்லவேண்டும். ஊரார் ஒன்பது நாள் முன்னரே வெளியேறியிருந்தமையால் காணாமற்போனவர் ஒருவரே. ஊருக்கு வெளியே இருந்த அறுபத்து நான்கு வயதினர். முந்நூறு பேர் பிழைத்தனர். மாடுகளையும் ஆடுகளையும்கூட விடவில்லை. காயமுற்ற பசுவொன்றை ஹெலிகாப்டரிற் கட்டித் தூக்கிச் சென்றனர். மலையை அளக்கும் கருவிகளும் அளந்தோரும் இருந்தனர். அவர்கள் போ என்றதும் ஊரார் போயினர். ‘என் பாட்டன் வீடு, நான் வரேன்’ என்று எவரேனும் அடம்பிடித்தனரோ என்று வினவினோம். மனத்தில் நினையாதார் இரார். ஆயினும் போயினர் என்றார்.

2024 ஜூலை 30ஆம் தேதி நள்ளிரவில் வயநாட்டு முண்டக்கையிலும் சூரல்மலையிலும் இருநூற்றுக்கு மேற்பட்டோர் உறக்கத்திலேயே மண்ணோடு போனதை நாம் மறந்திலோம். அங்குப் பனியில்லை, மழை, இரண்டும் ஒன்றல்ல. எனினும் அன்றிரவு பெர்னில் எமக்கு உறக்கம் வராமைக்குக் காரணம் பிளாட்டன் மட்டுமன்று.

மறுநாள் பாரிசுக்குச் சென்றோம். விரைவு வண்டி சூரிக்கிலிருந்து நான்கு மணி நேரத்தில் சேர்த்துவிடுகின்றது. பாரிசைக் காணவே பலர் தவங்கிடப்பர். எமக்கோ மனம் மலையிலேயே நின்றுவிட்டது. 1889இல் எழுந்த ஐபல் கோபுரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம், ஏறவில்லை. 2019 ஏப்பிரலில் தீப்பற்றி எரிந்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ருதாம் பேராலயத்தினுட் சென்றோம். புதுக்கியமையால் கல் வெண்மையாய் ஒளிர்ந்தது. லூவர் கலைக்கூடத்தில் மோனலிசாவைக் காட்டிலும் அதனைப் படம் பிடிக்க உயர்த்திய கைகளையே மிகுதியாகக் கண்டோம்.

லூவருக்கு அடுத்ததே துய்லரித் தோட்டம். அரண்மனை 1871இல் எரிந்து, பின்னர் இடிக்கப்பெற்றது. இப்பொழுது புல்வெளியும் மரங்களும் நாற்காலிகளுமே. குழந்தைகள் ஓடி விளையாடின. லூசெர்ன் பாறையில் எண்ணாகக் கிடக்கும் எழுநூற்றறுபதின்மர் மாண்டது இம்மண்ணிலும் இதன் சுற்றுப்புறத்திலுமே. யாம் பார்த்தவரையில் அவர்களைப் பற்றிய பலகை ஒன்றும் எம் கண்ணிற்படவில்லை. எம் மனைவியார் கைப்பையிலிருந்த இரண்டு முறுக்கில் ஒன்றை எமக்குத் தந்து, ஒன்றைத் தாம் உண்டு, “போதும், ஊருக்குப் போவோம்” என்றார். ஜூன் முதல் தேதி சென்னை சேர்ந்தோம். இரண்டாம் தேதி பள்ளி திறந்தது.

இனி முன்வரிசையிலுள்ள பெரியவருக்கு. இருபது பிள்ளைகளின் பணத்தை எம்மாற் கல்வி நிதியில் வைக்க இயலாது. கடனே இன்னும் மூன்றாண்டு உளது. ஆயின், வரும் விடுமுறையில் நிதியினால் உதவிபெறும் பிள்ளைகள் பதினைவரை மேட்டுப்பாளையத்திற்கு அழைத்துச் சென்று, குன்னூர்வரை அப்பற்சட்டப் பாதையில் ஏற்றிக்காட்ட எண்ணியுள்ளோம். சட்டத்தின் பல்லை அவர்கள் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். சீட்டும் உணவும் எம் செலவு. மேட்டுப்பாளையம்வரை செல்ல வண்டி ஒன்று வேண்டும். உறுப்பினருள் எவரேனும் தந்துதவினால் நலம். பெயரைக் காரியதரிசியவர்களிடம் கொடுக்கலாம்.

மைத்துனரின் மகள் எடுத்த நிழற்படங்கள் சில உள்ளன. எட்டு வயதுக் கை. பாதிப் படங்களில் எம் தலை இராது. அவற்றை இப்பொழுது திரையிற் காட்டுவர்.